வியர்க்கும் பொம்மைகள்

மார்ச் 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. உங்களுக்கும் அது வேண்டியிருக்காது. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 30க்குள் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான். உங்கள் அண்ணனின் கண்ணாடி அலமாரி அதன் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும்.

இரண்டு வருடம் முன்பு, எல்லாம் முடிந்து நீங்களும் அத்தையும் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த அறையைப் பூட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தேன். புது மழைக்கோட்டைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, அதுவும் அதோடு ஏதோ புளித்ததும் சேர்ந்து முகத்தில் அடித்தது. ஐம்பத்தெட்டு பொம்மைகளும் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் எல்லாம் வியர்த்திருக்கின்றன. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எடுத்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்குகிறது, விட்டால் விரல் ஒட்டுகிறது. தட்டில் விரித்திருந்த தாளில் ஒவ்வொரு காலடியிலும் வட்டமாகக் கறை. சில முழங்கால் மடங்கி, பக்கத்துப் பொம்மையின் தோளில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை இழுத்தேன், இரண்டு சேர்ந்து வந்தன.

சின்ன வயதிலிருந்து நீங்களும் அவரும் சேர்ந்து சேர்த்தவை என்பதால் உங்களிடம் சொல்வது கடமை. ஏப்ரல் கடைசிக்கு முன் வந்து எடுத்துப் போங்கள். இல்லையென்றால் குப்பை வண்டிதான்.

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. 'குப்பை வண்டி' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்.

அவை பொம்மைகள் இல்லை என்று அண்ணன் உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! நான் ஆறாவது படிக்கும்போது, அந்த வரிசையில் நிற்கிற கமாண்டரை வாங்குவதற்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு கோடை முழுக்கப் பக்கத்துத் தெருக் கடையில் பெட்டி தூக்கினோம். நீங்கள் அந்த அறைப் பக்கம் போகும்போதெல்லாம் முகம் சுளிப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன், தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை: அவற்றின் மேல் எதை ஊற்றினீர்கள்? பூச்சி மருந்தா? தரை துடைக்கிற திரவமா? ஆஸ்பத்திரியில் கருவிகள் கழுவுகிற பிரிவில் இருக்கிறீர்கள், மருந்துக்கா பஞ்சம்?

நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். பட்டறையில் நான்கு வண்டிகள் பெயின்ட்டுக்கு நிற்கின்றன, முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதுவரை நீங்கள் எதையும் தொட வேண்டாம். அலமாரியை நகர்த்தவும் வேண்டாம். முக்கியமாக, தின்னர், ஸ்பிரிட், பெட்ரோல், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். <u>தின்னர் கூடவே கூடாது.</u>

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. வீடு மாறுகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். "அவளுக்கென்ன, மாறுவா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

எதை ஊற்றினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக அந்தக் கதவின் முன்னால் நடந்து போகக்கூடப் பயந்து, சுவரை ஒட்டி நடந்தவள் நான். உள்ளே போய் எதை ஊற்றப் போகிறேன்?

உங்கள் கடிதத்தைப் படித்த கோபத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டத்தான் போனேன். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேலைப் பழக்கம், எதைக் கையில் எடுத்தாலும் எங்கே அழுக்கு, எப்படி வந்த அழுக்கு என்றுதான் கண் தேடும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தவை மேல் எண்ணெய் இல்லை, அவை மஞ்சளாகி இருக்கின்றன, அவ்வளவே. ரப்பர் போல வளைகிறவைதான் வியர்த்திருக்கின்றன. கறுப்புக் குதிரையின் முதுகில் பக்கத்து ராணிப் பொம்மையின் அங்கி பட்டிருந்த இடம் உருகிக் குழி விழுந்திருக்கிறது. உறை பிரிக்காமல் மூடி வைத்திருந்தவைதான் எல்லாவற்றையும்விட மோசம். ஆக, யாரும் ஊற்றவில்லை. உள்ளிருந்தே வருகிறது.

ஒன்றைத் தவிர.

உங்கள் கமாண்டரின் முகத்தில் மூக்கே இல்லை. ஒரு பக்கக் கன்னம் கண்ணாடி போலப் பளபளக்கிறது. கண்ணின் கறுப்பு தாடை வரை இழுபட்டிருக்கிறது. கன்னத்துக்குள் பஞ்சு இழை புதைந்து இறுகியிருக்கிறது. அது வயதானதால் வந்த கேடு இல்லை. எதையோ தொட்டு யாரோ துடைத்திருக்கிறார்கள். அந்த அறைக்குள் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் யார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது நான் கேட்கிறேன். நாலு பொருள்களின் பெயரை எழுதிவிட்டு, தின்னருக்கு மட்டும் ஏன் அடிக்கோடு? பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு ஏன் அழுத்தினீர்கள்?

அத்தை திரும்பிப் படுத்துக்கொண்டதை எனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், "இவ வீட்ல இருந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருப்பான்"னு கையை நீட்டி அவங்க சொன்னது எனக்குப் போதும். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

ஊற்றினீர்களா என்று கேட்டது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்கை வளைய வைக்க ஓர் எண்ணெயைக் கலப்பார்கள். வருடம் ஆக ஆக அது வெளியே கசியும். சூடும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் சீக்கிரம் கசியும். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். உறைக்குள் வைத்தால் பத்திரம் என்று நாங்கள் நினைத்தது முட்டாள்தனம்.

சுத்தம் செய்வதானால்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ். அழுத்தக் கூடாது. பெயின்ட் இருக்கும் இடத்தில் துணியால் ஒற்றினால் போதும். வெயிலில் காய வைக்க வேண்டாம். ஒன்றோடு ஒன்று படாமல் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் மறுபடி கசிந்தால் மறுபடி கழுவ வேண்டும். பழையபடி ஆகாது, ஆனால் இன்னும் பல வருடம் நிற்கும்.

தின்னர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயின்ட் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா? அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். அதனால் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டாம். பழைய மரம், அடிப்பலகை உளுத்துப்போயிருக்கும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உங்கள் பக்குவப்படி பதினொன்றைக் கழுவினேன். பகல் முழுக்க ஆபரேஷன் கத்தரி கழுவுகிற கையால் சாயங்காலம் ராட்சசனின் அக்குளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கொம்பனுக்கு ஒரு கொம்பு கையோடு வந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குப் பிரசவம், இத்தனை பேரைக் குளிப்பாட்டுற"ன்னு கேட்டாங்க. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

பிறகு அலமாரியை நகர்த்தினேன்.

அடிப்பலகை உளுக்கவில்லை. கருங்கல் மாதிரி இருக்கிறது. அதன் பின்னால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தகர டப்பா. மூடி இறுக்கமாக இருக்கிறது, ஆட்டினால் முக்கால் பங்கு இருப்பது தெரிகிறது. வண்டி பெயின்ட்டில் கலக்கிற தின்னர். மேலே ஒட்டியிருக்கும் காகித டேப்பில் உங்கள் கையெழுத்து: "அண்ணா, பஞ்சில் தொட்டுத் துடை, ஒரே நிமிஷத்தில் பிசுக்கு போய்விடும். தூசி ஒட்டாமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொள்."

அது மட்டும் என்றால் உங்கள் மேல் கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஆனால் சுற்றியிருந்த செய்தித்தாளின் தேதியைப் பார்த்தேன். அவர் இறந்ததற்கு மறுநாள் வந்த பேப்பர்.

அவர் சுற்றியிருக்க முடியாது. நான் சுற்றவில்லை.

பதில் எழுதுங்கள்.


ஏப்ரல் 2

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதில் மாற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லை.

அந்த மே மாதம் அண்ணன் போன் பண்ணினான். "டேய், கமாண்டருக்கு மூஞ்சியெல்லாம் பிசுபிசுங்குதுடா, துடைக்கத் துடைக்க வருது"ன்னான். குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி சொன்னான். எனக்கு அப்போது இந்தக் கசிவு பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. எங்கள் பட்டறையில் எந்தப் பிசுக்குக்கும் தின்னர்தான். "நான் ஒரு டப்பா அனுப்புறேன், பாரு"ன்னேன். உங்கள் ஊருக்கு வருகிற வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். டேப்பில் எழுதியது நான்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் நான்தான்.

பட்டறையில் நான் முகமூடி மாட்டாமல் அதைத் தொடமாட்டேன். மேஸ்திரி விடமாட்டார். எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் வேலையும் நிற்கும். பத்து வருடமாக இதைச் செய்கிறேன். டேப்பில் இன்னொரு வரி எழுத இடம் இருந்தது, அண்ணி. எழுதத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். "ஹார்ட்டு"ன்னு யாரோ சொன்னாங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன்தானே என்று நானும் நினைத்தேன். அவன் அறையைப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். போனதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கொண்டி போட்டிருந்தது. மேஜையில் கமாண்டர், தரையில் பஞ்சு, மேஜைக்கு அடியில் டப்பா, மூடி திறந்தபடி. நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாக வேலை செய்தது. மூடியைத் தட்டி இறுக்கினேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த அன்றைய பேப்பரில் சுற்றினேன், அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். கமாண்டரைத் தட்டில் நிறுத்தினேன், பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்து வாடை போகும்வரை நின்றேன்.

வெளியே வந்தபோது அம்மா உங்களைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். உண்மை எனக்குத் தெரியும். இரண்டே நிமிடம் முன்னால் என் கையில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், நேராக அம்மா பக்கத்தில் போய் நின்று, "ஆமா, ஆள் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல"ன்னேன்.

தின்னர் அனுப்பியது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. இரண்டு வருடமாக எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

நீங்கள் போலீஸுக்குப் போனாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.


ஏப்ரல் 13

அண்ணி,

பதினோரு நாள் ஆகிவிட்டது. தபால்காரரைத் தெருமுனையிலேயே போய்ப் பிடிக்கிறேன். அவரும் கையை விரிக்கிறார். திட்டியாவது எழுதுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் சொல்லாதே என்றால் நிறுத்துவேன், சொல் என்றால் சொல்வேன். உங்களைக் கேட்காமல் இனி ஒன்றும் செய்யக் கூடாது என்றிருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டேன். உன்னைத் திட்டுவதற்கு வேண்டிய வார்த்தை எல்லாம் என்னிடம் இருந்தது. எழுதவும் ஆரம்பித்தேன். நாலு வரியிலேயே கை நின்றுவிட்டது. உன்னைத் திட்டி முடித்தால் அடுத்து நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை நாள்.

அன்று காலை எனக்கும் அவருக்கும் சண்டை. உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்குக் காலை ஷிஃப்ட் மாறி ஒன்பதரைக்குப் போனால் போதும் என்றிருந்தது. அவருக்கு அன்று விடுமுறை. எழுந்ததும் எழாததுமாக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். வீடு முழுக்க ஒரே நெடி. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. "இந்த நாத்தத்துல மனுஷி சமைக்கிறதா, சாகுறதா"ன்னு கத்தினேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "கால் மணி நேரம், முடிஞ்சிரும்"னார். "வெளியே ஒரு துளி வாடை வரக் கூடாது"ன்னு சொல்லிக் கதவை நான்தான் இழுத்துச் சாத்தினேன். அதோடு நிற்கவில்லை. ஒரு பழைய புடவையை நனைத்துப் பிழிந்து கதவின் அடி இடுக்கில் திணித்தேன். காலால் மிதித்து மிதித்துத் திணித்தேன்.

நீ ஜன்னலைச் சாத்தச் சொன்னாய். நான் கதவைச் சாத்தினேன்.

எங்கள் பிரிவில் திரவம் கலக்கும் இடத்தில் என் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறது: காற்றோட்டம் இல்லாமல் வேலை செய்யாதே. புதிதாக வருகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவது என் வேலை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தப் புடவை அப்படியே இருந்தது. கதவைத் தள்ளினேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தார். தொட்டதுமே தெரிந்துவிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை, தம்பி. முதலில் அந்தப் புடவையை உருவி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். அதன் பிறகுதான் வாசலுக்கு ஓடிக் கத்தினேன். அவரைக் கூடத்தில் கிடத்திய பிறகு வந்த டாக்டர், "வீட்டில் ஏதாவது மருந்து வாசனை வந்ததா"ன்னு கேட்டார். "இல்லை"ன்னேன். அவர் இருதயம் என்று எழுதினார். இருதயமாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி அதை யாரும் சொல்ல முடியாது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல முடியாமல் செய்துவிட்டோம்.

அத்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியபோது நான் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். வீட்டில் இல்லாததற்குத்தானே திட்டுகிறார்கள், இருந்தபோது செய்ததற்கு இல்லையே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அத்தையிடம் சொல். ஆனால் பாதி சொல்லாதே. உன் டப்பாவைச் சொன்னால் என் புடவையையும் சொல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ எதையாவது விழுங்கினால், மறுபடி இன்னொரு பேப்பரில் சுற்றி இன்னோர் அலமாரிக்குப் பின்னால் வைக்கிற கதைதான்.

கை சும்மா இருக்கவில்லை. இன்னும் பத்தொன்பதைக் கழுவிவிட்டேன். முதலில் கழுவியவற்றில் மூன்று மறுபடி வியர்க்க ஆரம்பித்திருக்கின்றன.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

சொல்லிவிட்டேன். முழுசாகச் சொன்னேன். இதைப் பட்டறை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா என்னை வீட்டில் இருக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து என் வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் கையில் வைத்திருந்தேன், தடுமாறினால் பார்த்துச் சொல்லலாம் என்று. டப்பா அனுப்பியதைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். ஒளித்து வைத்ததைச் சொன்னேன். ஊசி நிற்கவே இல்லை. உங்கள் புடவையைச் சொன்னபோதுதான் நின்றது.

"அவளும் அவனும் அன்னைக்குச் சண்டையா?"

"ஆமாம்மா. நாத்தத்துக்காக. சாதாரணச் சண்டை."

"நீ என்கிட்ட வந்து நின்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா நின்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்தாள். மடித்து என் மடியில் வைத்தாள்.

"ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணோட பேரைச் சொல்லிச் சாபம் விட்டுக்கிட்டு இருக்கேன். நீ எதிர்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்க. எந்திரி. வேற எங்கயாவது போய் இரு. உன் மூஞ்சியை இப்ப என்னால பாக்க முடியாது."

போகும்போது வாசல் வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டாள்: "அவன் கூப்பிட்டானாமா?"

எனக்குப் புரியவில்லை. "யாரும்மா?"

"எம்புள்ளடா. கதவுக்குள்ள இருந்து கூப்பிட்டானான்னு கேளு. அவ கிளம்புற வரைக்கும் வீட்லதான இருந்திருக்கா. கூப்பிட்டு இவ போகாம இருந்தாளா? அதை மட்டும் எனக்குச் சொல்லச் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

நான் கேட்கவில்லை, அண்ணி. அம்மா கேட்கிறாள். நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் அதற்கு நான் ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அம்மா வைத்துக்கொள்வாள்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பி,

இதை அத்தையிடமே கொடுத்துவிடு. நீ படித்துச் சொல்லாதே. அவர்களே படிக்கட்டும்.

அத்தை, கூப்பிட்டார்.

நான் செருப்பை மாட்டி, வெளிக்கதவைத் திறந்து, கையில் சாவியோடு நின்றேன். அறைக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வலியில் கூப்பிட்ட குரல் இல்லை. உங்கள் மகன் எந்த வேலையிலாவது மூழ்கியிருந்தால், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு பேசுவாரே, அந்தக் குரல். "வரும்போது குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வா"ன்னார். அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. காதில் விழுந்தது, ஆனாலும் சொல்லவில்லை. கோபம். சாயங்காலம் வரை என்னோடு பேசாமல் தவிக்கட்டும் என்று நினைத்தேன். வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கிவிட்டேன்.

'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல உள்ளே போயிருந்தால் கதவைத் திறந்திருப்பேன். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் தெரியாது என்றே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வரும் வழியில் பல்பு வாங்கினேன். அந்தப் பையோடுதான் அறைக்கதவைத் தள்ளினேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன்.

(தம்பி, இது உனக்கு. நாற்பத்தாறு தேறிவிட்டன. ஏழுக்குக் கால் வளைந்துவிட்டது, படுக்க வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். நான்கு தொட்டாலே உடைகின்றன. ஒவ்வொன்றையும் வெறும் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறை எதற்கும் இல்லை. கமாண்டரை மட்டும் கழுவவில்லை. அந்த முகத்தை அவர்தான் கடைசியாகத் துடைத்தார். அதன் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயோடேயே இருக்கட்டும். தின்னர் டப்பாவை ஆஸ்பத்திரியில் ரசாயனக் கழிவு எடுக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். சாவி கீழே தையற்காரம்மாவிடம் இருக்கும்.)


ஏப்ரல் 28

அண்ணி,

இந்தக் கடிதத்தை வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் எங்களுக்குப் பிறகுதான் வரும்.

நேற்று உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் வாசலில் நின்றே நீட்டினேன். அம்மா வாங்கி, படியில் உட்கார்ந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி ஏதோ கேட்டார், கையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

அம்மா தலையை நிமிர்த்தி, "அவனுக்கு வலிக்கலைன்னு எழுதியிருக்கா"ன்னா. கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நான் திருத்தவில்லை.

பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது:

"நாளன்னைக்குத்தான போற? டிக்கெட் ரெண்டா போடு."

"நீயும் வர்றியாம்மா?"

"அவ தனியா எப்படி வீடு மாத்துவா?"

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு பஸ் வந்து சேரும். உங்களோடு பேசுவாளா, என்னோடு பேசுவாளா, எனக்குத் தெரியாது. வருகிறாள்.

தம்பி